எதிர்பார்த்தபடியே வாடிய செடிகள்

துல்லியம் என்பது அவளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர். பாராட்டி வைத்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், தேநீர் அறைச் சுவரில் ஒட்டியிருந்த "கோப்பைகளைக் கழுவி வைக்கவும்" என்ற சீட்டைப் பார்த்தவள், பேனாவை எடுத்து முன்னால் "அவரவர்" என்று சேர்த்தாள். அதோடு அவள் கதை முடிந்தது. பெயர் காதில் விழுந்தபோதாவது கோபித்துக்கொண்டாளா என்றால் அதுவும் இல்லை. "துல்லியம்னா உண்மைக்குப் பக்கத்துல இருக்கிறது. ஒரே அளவைத் திரும்பத் திரும்ப எடுக்கிறதுக்குப் பேர் வேற," என்று பட்டப்பெயரையே திருத்தினாள். இப்படிப்பட்ட ஒருத்தியோடு பல வருஷம் ஒரே மேசையில் குப்பை கொட்டியவள் நான். அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. மரியாதையாகப் பேசவேண்டிய கட்டாயம் இல்லை.

மரபியல் ஆராய்ச்சி என்றால் வெளியே இருப்பவர்கள் என்னென்னவோ கற்பனை செய்துகொள்கிறார்கள். உள்ளே வந்து பார்த்தால் தெரியும். பாதி நாள் பிளாஸ்டிக் தட்டு கழுவுவது, மீதி நாள் விரல்நுனி அளவுக் குழாய்களில் எண் எழுதுவது. உறைபெட்டிக்குள் பனி கட்டிப்போய்க் கதவு மூடாமல் அடம்பிடிக்கும். அதைக் கரண்டியால் சுரண்டுவதற்கும் முனைவர் பட்டம் வாங்கியவர்தான் வரவேண்டும். செடி வளர்க்கும் அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது, ஊதா விளக்கு, எப்போதும் ஈர மண் வாடை. அதற்குள் போய் வந்தால் கொஞ்ச நேரத்துக்கு உலகமே பச்சையாகத் தெரியும். அதை ஒரு பெரிய அனுபவமாகச் சொல்லிக்கொள்ளும் ஆட்களும் எங்கள் துறையில் இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் தலைவர் பேராசிரியர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: கடைசிப்பெயர். எங்கள் துறைக் கட்டுரைகளில் பெயர் வரிசைக்கு அர்த்தம் உண்டு. முதல் பெயர் முதுகு ஒடிய வேலை செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் வருபவர்கள் ஒப்புக்குச் சப்பாணி. அந்த ஆள் ஒரு விதையைக் கையால் தொட்டு எத்தனை காலம் ஆயிற்றோ, கடைசி இடம் மட்டும் அவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது போல இருந்தது. அதுகூடப் பரவாயில்லை, துறையே அப்படித்தான். சகிக்க முடியாதது அவருடைய ஒரு சொல். முடிவு எதுவாக இருந்தாலும் கட்டுரையில் "எதிர்பார்த்தபடியே" என்று எழுதவேண்டும். செடி வளர்ந்தால் எதிர்பார்த்தபடியே வளர்ந்தது, செத்தால் எதிர்பார்த்தபடியே செத்தது. "வியப்பு" என்று யாராவது எழுதிவிட்டால் சிவப்பு மையில் கோடு விழும். "ஆச்சரியப்படறவன் படிக்காதவன்" என்பார். ஆய்வகத்தில் எது நடந்தாலும் அது முன்பே அவர் மண்டைக்குள் நடந்து முடிந்துவிட்டதாம். நாங்கள் சும்மா வெளியே எடுத்து வைக்கிறோமாம்.

துல்லியத்தின் வேலை தக்காளி. தண்ணீர் குறைந்தால் சட்டென்று துவண்டுபோகிற செடி அது. அதன் மரபணுவில் ஓரிடத்தை இப்படியும் அப்படியும் மாற்றி, வரிசை வரிசையாகச் செடிகள் உண்டாக்கி, தண்ணீரை நிறுத்தி, எது அதிக நேரம் நிமிர்ந்து நிற்கிறது என்று பார்ப்பாள். துவண்டதைக் குறித்துக்கொண்டு கொட்டிவிடுவாள். தினமும் நண்பகலில் கோணமானியை இலைக்காம்பில் வைத்து அளப்பாள். ஒருநாள் தவறியதில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்த நாளில்கூட, நெற்றியில் தைலத்தைத் தடவிக்கொண்டு வந்து அளந்துவிட்டுப் போனாள். அவ்வளவு அளந்தும் எல்லா வரிசையும் துவண்டன. அதில் ஒன்று படுமோசம். மற்ற செடிகள் நிற்கும்போதே அது தலையைத் தொங்கப் போட்டுவிடும். அதற்கு நாங்கள் மயக்கக்காரி என்று பெயர் வைத்தோம்.

அப்படியே ஆய்வேட்டை எழுதிக் கொடுத்துப் பட்டமும் வாங்கினாள். அதற்குப் பிறகும் அந்த ஆய்வகத்திலேயே, இன்னொரு நல்ல கட்டுரை வந்தால் எங்காவது வேலை கிடைக்கும் என்று உட்கார்ந்திருந்தாள். கட்டுரை வந்தது. முதல் பெயர் அவளுடையது இல்லை. பேராசிரியரின் மகளைக் கட்டிய பையன் ஒருவன் அப்போது ஆய்வகத்தில் சேர்ந்திருந்தான். நாங்கள் மாப்பிள்ளை என்றே கூப்பிடுவோம், கிண்டலுக்குக்கூட இல்லை, அவன் தகுதியே அதுதான். அவள் அளந்த அளவுகளுக்கு அவன் வண்ண வண்ணமாக வரைபடம் போட்டான். அதற்காக முதல் பெயர். துல்லியம் பேராசிரியர் அறைக்குப் போய்க் கேட்டாள். "பேர்ல என்னம்மா இருக்கு, அறிவியல் முன்னேறுதா இல்லையா?" என்றாராம். கடைசி இடத்தை ஒரு நாளும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஆள் சொல்கிற பேச்சு அது. அந்த மாதமே எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். அதற்கு அந்த மனிதர் சொன்னது ஒரே சொல்: "எதிர்பார்த்ததுதான்."

எங்கே போனாள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். வக்கீல் ஆபீசுக்கு. பேட்டன்ட் எழுதுகிற ஆபீஸ். ஒரு புதுப் பொருளையோ வழியையோ கண்டுபிடித்தவர், அதை மற்றவர்கள் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது என்று அரசாங்கத்திடம் உரிமை வாங்க வேண்டுமானால், அதற்கென்று ஒரு மொழியில் விண்ணப்பம் எழுதவேண்டும். அறிவியலும் தெரிந்து சட்டமும் தெரிந்த ஆள் அதற்குத் தேவை. பகலில் அங்கே எடுபிடி வேலை, மாலையில் சட்டக் கல்லூரி என்று மூன்று நான்கு வருஷம் அலைந்து, தேர்வெல்லாம் எழுதி, அந்த மொழியைக் கற்றுக்கொண்டாள்.

வீட்டில் இதை விளக்கப் பட்ட பாடு தனிக் கதை. ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கியபோது சொந்தக்காரர்கள் அவளை டாக்டர் என்று நினைத்துக்கொண்டார்கள். பெரியப்பா முட்டியைக் காட்டினார், சித்தி நாக்கை நீட்டினாள். "இது அந்த டாக்டர் இல்லை" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்த நேரத்தில்தான் வக்கீல் என்றாள். இப்போது முட்டியைக் காட்டியவரே வாடகைக்காரனைக் காலி செய்ய வழி கேட்டார். "இது அந்த வக்கீல் இல்லை" என்றாள். அவள் அண்ணி என்னிடம் தனியாகக் கேட்டாள்: "எதுதான் இவ? எதைக் கேட்டாலும் அது இல்லைங்கிறாளே." அவள் அம்மா மட்டும், "சம்பளம் மாசா மாசம் வருதா? அப்ப அது வேலை. முன்னாடி செஞ்சது படிப்பு," என்று ஒரே போடாகப் போட்டார்.

அந்த ஆபீசுக்கு நான் சில தடவை மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன். தரையெல்லாம் காலடிச் சத்தம் கேட்காத கம்பளம். யாரும் உரக்கப் பேசமாட்டார்கள், ஏதோ அடுத்த அறையில் குழந்தை தூங்குவது போல. சுவர் முழுக்க ஒரே நிறக் கோப்புகள். மூத்த வக்கீலுக்குக் காற்புள்ளி என்று பெயர், அது அந்த ஆபீஸ்காரர்கள் வைத்தது. ஒரு காற்புள்ளியை எடுக்கலாமா வேண்டாமா என்று முழு மதியத்தையும் கழிப்பவர். அவர்கள் எழுதுவதைப் படித்தால் தலை சுற்றும். நாற்காலியை நாற்காலி என்று எழுதமாட்டார்கள். "ஒரு நபரின் எடையைத் தாங்குவதற்கான பரப்பும், அப்பரப்பைத் தரையிலிருந்து உயர்த்தும் குறைந்தபட்சம் ஒரு தாங்கியும் கொண்ட அமைப்பு." எதிராளி மூன்று கால் நாற்காலி செய்துவிட்டால் தப்பித்துவிடுவானாம், அதற்காக. "இதுக்கா இவ்வளவு படிச்சே?" என்றேன். அவள் முகம் மலர்ந்திருந்தது. "இங்கே ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ஆள் பதில் சொல்லணும்டீ. நம்ம லேப்ல யாரு சொன்னா?" என்றாள். அவளை நான் அன்றைக்கு மனசாரக் கேவலமாக நினைத்தேன். மனிதர்களோடு சண்டை போடத் தெம்பில்லாமல் காற்புள்ளிகளோடு சண்டை போட வந்திருக்கிறாள் என்று தோன்றியது.

நான் ஆய்வகத்திலேயே இருந்தேன். தியாகம் எல்லாம் இல்லை, வேறு போக்கிடம் இல்லை. எனக்கும் முனைவர் பட்டம் உண்டு, வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்தமும் உண்டு. ஒவ்வொரு வருஷமும் பேராசிரியர் கையெழுத்துப் போடும்வரை பல்லைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். நிரந்தர வேலைக்கு மனுப்போட ஒரு முதல் பெயராவது, ஒரு பேட்டன்ட்டாவது வேண்டும். இரண்டும் என்னிடம் இல்லை.

மாப்பிள்ளைக்குப் புதுக் குளிர்பெட்டி வந்தது. இடம் வேண்டுமே, துல்லியம் விட்டுப்போன பழைய விதைகளைத் தூக்கிப் போடச் சொன்னார் பேராசிரியர். எறிவதற்கு முன் ஒரு தடவை முளைக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பது விதி. தட்டுகளில் விதைத்தேன், முளைத்து இலையும் விட்டன. அப்புறம் நீண்ட விடுமுறை ஒன்று வந்தது. திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் பம்பு நின்றுபோய் எல்லாச் செடியும் படுத்துக் கிடந்தது. காய்ந்த மண்ணை அப்படியே கொட்டினால் தூசி பறக்கும், அறையையே நான்தான் துடைக்கவேண்டும். அதனால் கொட்டுவதற்கு முன் எல்லாத் தட்டிலும் தண்ணீரை ஊற்றினேன். அதற்குள் மாப்பிள்ளை கூப்பிட்டு வேறு வேலையைத் தலையில் கட்டினான். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், எல்லா வரிசையும் செத்துக் கிடக்க, ஒரே ஒரு வரிசை நிமிர்ந்து நிற்கிறது. மயக்கக்காரி.

அந்த நிமிஷம் எனக்கு எல்லோர் மேலும் கோபம்தான் வந்தது. நாங்கள் இத்தனை வருஷமாக நிற்கிற செடியைத் தேடிக்கொண்டிருந்தோம். நின்று என்ன சாதிக்கப் போகிறது? விளக்குக்கு நேராக இலையை விரித்துக்கொண்டு நின்றால் இருக்கிற ஈரமும் போய்ச் சாகிறது. மயக்கக்காரி முதலிலேயே இலையைத் தொங்கவிட்டு, இருப்பதை மிச்சம் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். துவள்வதுதான் அவள் பிழைக்கும் வழி. இதை எப்படி நிரூபிப்பது? மறுபடி விதைத்தேன். தண்ணீரை நிறுத்தினேன். பாதிச் செடிகளை அப்படியே விட்டு, மீதிச் செடிகளின் இலைகளைத் தையல் நூலால் தூக்கிக் கட்டிவைத்தேன், தொங்க முடியாதபடி. அப்புறம் தண்ணீர் விட்டேன். கட்டாதவை எழுந்தன. கட்டியவை செத்தன.

ஓடிப்போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தையல் தெரியும்னா வெளியில கடை போடலாமே," என்றார். மாப்பிள்ளை சிரித்தான். நான் வந்துவிட்டேன். ஆனால் கொஞ்ச நாள் கழித்து ஒரு விதைக் கம்பெனிக்காரர் ஆய்வகம் பார்க்க வந்தபோது, காய்ந்து எழுந்த செடியைக் கண்டு நின்றுவிட்டார். இதற்குப் பேட்டன்ட் இருந்தால் எங்களிடம் கொடுங்கள் என்றார். பேராசிரியர் தோளைத் தட்டிக்கொள்ளாத குறை. "எங்க ஆய்வகம் ரொம்ப நாளா போயிட்டிருக்கிற திசை இது. எதிர்பார்த்தபடியே வந்திருக்கு," என்றார்.

எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் விண்ணப்பங்களை வழக்கமாக எழுதுவது எந்த ஆபீஸ் தெரியுமா? காற்புள்ளியின் ஆபீஸ். தக்காளி மரபணு என்றதும் அவர் துல்லியத்தின் மேசையில் வைத்துவிட்டார். நான்கு பேர் அந்தக் கம்பளத்து அறையில் நீள மேசையில் உட்கார்ந்தோம், காற்புள்ளியோடு ஐந்து பேர். பேராசிரியர், மாப்பிள்ளை, துல்லியம், நான். நான் எதற்கு என்றால் படங்களைத் திரையில் தள்ளுவதற்கு. மாப்பிள்ளைக்கு மடிக்கணினி கனமாம்.

பேராசிரியர் அவளைப் பார்த்து, "ஓ, நீ இங்கேதான் இருக்கியா?" என்றார், ஏதோ கடையில் துணி மடிப்பவளைப் பார்த்தது போல. அவள் தலையசைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"கண்டுபிடிச்சவங்க யார் யார் சார்?"

"நான். அப்புறம் இவர்." மாப்பிள்ளை பக்கம் கையைக் காட்டினார். என் பக்கம் வரவேயில்லை.

"வாடறதுதான் இந்தச் செடியைக் காப்பாத்துதுன்னு முதல்ல யாருக்குத் தோணுச்சு?"

"இது என்னம்மா கேள்வி? லேப் மொத்தமும் அந்தத் திசையிலதான் போயிட்டிருந்தது. எதிர்பார்த்தபடியே வந்தது."

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். "சார், அந்த வார்த்தையை இனிமே சொல்லாதீங்க. துறை தெரிஞ்சவங்க எதிர்பார்க்கிற ஒண்ணுக்குப் பேட்டன்ட் கிடையாது. யாருமே எதிர்பார்க்காததுக்குத்தான் கொடுப்பாங்க. நீங்க எதிர்பார்த்தீங்கன்னா விண்ணப்பம் அதோட செத்துச்சு."

பேராசிரியர் சிரித்தார். "அவ்வளவுதானே? எதிர்பார்க்கலைன்னு எழுதிக்கோ. வார்த்தைதானே, மாத்திப் போடு."

"எதிர்பார்க்காத ஆள் எப்படி சார் கண்டுபிடிச்சார்?"

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. நான் படத்தைத் தள்ளவா வேண்டாமா என்று தெரியாமல் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். காற்புள்ளி இருமிக்கொண்டு, "ஒரு நிமிஷம்," என்று அவளை வெளியே கூட்டிப்போனார். கதவு சரியாக மூடவில்லை, எல்லாம் காதில் விழுந்தது.

"வாடிக்கையாளர் சொல்ற பேரை எழுதறதுதாம்மா நம்ம வேலை."

"தப்பான பேரை எழுதினா பின்னாடி எதிராளி வந்து மொத்தத்தையும் உடைச்சுடுவான் சார்."

"பின்னாடி வர்றதைப் பின்னாடி பார்ப்போம். இந்த நிறுவனம் நம்ம கையை விட்டுப் போச்சுன்னா, நீங்களும் வேற இடம் பார்க்க வேண்டியிருக்கும். நான் மிரட்டல. நடக்கிறதைச் சொல்றேன்."

மிரட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம் அது. எனக்கு என் ஒப்பந்தமும் நிரந்தர வேலையும் கண்முன்னால் வந்து போயின. அவளுக்கு ஏற்கெனவே ஒரு வேலை பெயரால் போனது. இன்னொன்றும் போகட்டும் என்று யாராவது இருப்பார்களா? மென்று விழுங்கிவிடுவாள் என்றே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து என்னை அவள் அறைக்கு வரச் சொன்னாள். தோழியாக இல்லை. தேநீர்கூட வாங்கித் தரவில்லை.

"செடி எழுந்த அன்னைக்கு எதுக்குத் தண்ணி ஊத்தினே?"

"தூசி பறக்கக்கூடாதுன்னு."

"அப்ப எழுந்தது தற்செயல்."

"ஆமா."

"தற்செயலுக்கெல்லாம் பேர் போடமாட்டேன்."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அவனுங்க ரெண்டு பேரும் ஒண்ணுமே செய்யாம உட்கார்ந்திருக்கானுங்க, எங்கிட்ட வந்து சட்டம் பேசறியா?" என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"அதுக்கப்புறம் என்ன நினைச்சே? செஞ்சதை விடு. நினைச்சதைச் சொல்லு."

சொன்னேன். நூலைப் பற்றிச் சொன்னபோது அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"நூல் யாரோட யோசனை?"

"என்னோடது."

"அப்பவே யாருகிட்டயாவது சொன்னியா?"

"உன் பழைய சார்கிட்ட. தையல் கடை போடச் சொன்னாரு."

அவள் சிரிக்கவில்லை. "சரி, அதுதான் கண்டுபிடிப்பு," என்று எழுதிக்கொண்டு, "மயக்கக்காரி பழசு. அவளை வாட விட்டே வறட்சியில பிழைக்க வைக்கிற வழி புதுசு. அதுக்குத்தான் உரிமை கேட்கப்போறோம்," என்றாள். அவ்வளவுதான். வாழ்த்து, கைகுலுக்கல், ஒன்றும் கிடையாது.

அடுத்த வாரம் வரைவை எனக்குக் காட்டினாள். முதல் பக்கத்தில் ஒரே பெயர். என் பெயர். விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே ஒரு பத்தி இருந்தது. "இதற்கு முன் இவ்வரிசையை விரிவாக ஆராய்ந்த ஆய்வாளர், இச்செடிகள் எதிர்பார்த்தபடியே மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக வாடின என்றும், வறட்சியைத் தாங்கும் பயிருக்கு இவ்வரிசை எவ்விதத்திலும் பயன்படாது என்றும் முடிவு செய்துள்ளார். இதைப் படித்த, துறை அறிந்த எவரும், இச்செடியை மேலும் ஆராய முற்பட்டிருக்கமாட்டார்." கீழே ஆய்வேட்டின் பெயர். எழுதியவர் பெயர். அவளேதான்.

"என்னடீ இது?"

"யாரும் எதிர்பார்க்கலைன்னு நிரூபிக்கணும். அதுக்குத் துறை தெரிஞ்ச ஒருத்தர் நேர்மாறா சொல்லியிருந்தா, அதைவிட நல்ல சாட்சி கிடையாது."

"வேற யாரையாவது காட்டேன். உன்னை நீயே..."

"தேடிப் பார்த்துட்டேன். வேற யாரும் இவ்வளவு தெளிவாத் தப்பாச் சொல்லல."

"'எதிர்பார்த்தபடியே'ன்னு போடச் சொன்னது அந்த ஆளுதானே? அதையாவது எழுது."

"அது அவர் சொன்னது. 'எவ்விதத்திலும்'னு சேர்த்தது நான்."

எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. இத்தனை வருஷ உழைப்பு, காய்ச்சலில் வந்து அளந்த அளவு, எல்லாவற்றையும் ஒரு முட்டாளின் வேலையாக அவளே எடுத்து வைத்திருக்கிறாள், அதுவும் கம்பளத்து மொழியில், அழகாக. ஒரு சொட்டுக் கண்ணீராவது விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் ஒரு காற்புள்ளியை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துக்காக மறுபடி எல்லோரும் கூடினோம். முதல் பக்கத்தைப் பார்த்ததும் பேராசிரியர் காகிதத்தை மேசையில் எறிந்தார்.

"இதென்ன கூத்து? என் லேப், என் விதை, என் பேர் எங்கே?"

"லேப் உங்களோடது சார். விதையும் உங்களோடது. யோசனை இவங்களோடது," என்றாள் துல்லியம்.

"நான் சொல்றேன், இது என் யோசனை. போதுமா?"

"போதாது சார். என் ஆய்வேட்டோட முதல் பக்கத்துல 'இதன் முடிவுகள் அனைத்தையும் ஏற்கிறேன்'னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இந்தச் செடி எதுக்கும் பயன்படாதுங்கிறதும் அதுல ஒரு முடிவு. யோசனை உங்களோடதுன்னா அந்தக் கையெழுத்து பொய். கையெழுத்து உண்மைன்னா யோசனை உங்களோடது இல்லை. எதுன்னாலும் எனக்குச் சரி. எழுத்துல கொடுங்க."

பேராசிரியர் காற்புள்ளியைப் பார்த்தார். அந்த மனிதர் அதற்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தார். ஒரு பெயர் இருந்தால் விண்ணப்பம் உடையாது, மூன்று பெயர் இருந்தால் உடையும் என்று புரிந்துவிட்டது. வாரக்கணக்கில் அவளை அதட்டியவர், ஒரு மூச்சில் கட்சி மாறி, "சார், விதைக் கம்பெனிக்காரங்க கேட்கிறது எதிராளி கை வைக்க முடியாத விண்ணப்பம். இது அப்படி இருக்கு," என்று குழைந்தார். இவரைப் போன்றவர்களுக்கு முதுகெலும்பு என்பது தேவைப்படும்போது பொருத்திக்கொள்ளும் உதிரிபாகம். மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான், தன் பெயர் போனது அவனுக்கு உறைத்ததா என்றுகூடத் தெரியவில்லை.

பேராசிரியர் காகிதத்தை மறுபடி கையில் எடுத்தார். கம்பெனியை விட மனசில்லை. பெயரை விடவும் மனசில்லை. கடைசியில் கம்பெனி ஜெயித்தது. "சரி, இது இப்படியே போகட்டும். மத்த விண்ணப்பமெல்லாம் இனிமே வேற இடத்துல கொடுத்துக்கிறோம்," என்று எங்கள் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டார். காற்புள்ளியின் முகம் சுண்டிப்போனது. துல்லியத்தைப் பார்த்து, "நாளைக்குக் காலையில வந்து என்னைப் பாருங்க," என்றார்.

எழுந்திருக்கும் முன் பேராசிரியர் பக்கங்களைப் புரட்டினார். அந்தப் பத்தியில் நின்றார். படித்தார். இன்னொரு தடவை உரக்கப் படித்தார், "எவ்விதத்திலும் பயன்படாது" என்பதை நிறுத்தி நிதானமாக. அப்புறம் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் அவளுடைய ஒரு வரியையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

"இந்தப் பத்தி ரொம்ப அருமையா வந்திருக்கும்மா," என்றார். "இதுல மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது."

"வைக்கமாட்டாங்க சார்," என்றாள்.

அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நானும் அவளும் லிஃப்டுக்குக் காத்து நின்றோம். எனக்கு அந்த மனிதரை ஓடிப்போய் நான்கு அறை கொடுக்கவேண்டும் போல இருந்தது. நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் வசவுதான் வந்தது. "உனக்கு மானம் ரோஷம் எதுவுமே கிடையாதாடீ?" என்றேன்.

"பேர் தப்பா இருந்தா பேட்டன்ட் நிக்காது. உனக்காகச் செய்யல," என்றாள்.

"நாளைக்கு வேலை போயிடுமா?"

"போகலாம். வேற ஆபீஸ் இருக்கு."

லிஃப்ட் வரவில்லை. அவள் விண்ணப்பக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே ஒளிரும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி விட்டதுக்கு அப்புறம், எந்த இலை முதல்ல எழுந்துச்சு?" என்று கேட்டாள்.

விண்ணப்பத்தை எழுதி முடித்தாயிற்று, கையெழுத்தும் ஆயிற்று. எந்த இலை முதலில் எழுந்தால் எந்த வக்கீலுக்கு என்ன? என்னிடம் அத்தனை கேள்வி கேட்டவள் இதை ஒரு நாளும் கேட்கவில்லை.

"அடி இலை," என்றேன். "தரைக்குப் பக்கத்துல இருக்கிறது. அப்புறம் ஒவ்வொண்ணா மேலே."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"நான் நுனியிலேர்ந்துன்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றாள்.